மூன்றாவது துளை

“நீச்சலடிக்கவாண்ணே கெளம்பிட்டீக? கம்மாயில தண்ணி இல்லையே!” என்று முதன்முதலில் கேட்டவன் நான்தான். பிற்பாடு தெருவில் எல்லோரும் கேட்டார்கள், சிரித்தார்கள். ஆனாலும் ஆரம்பித்து வைத்தவன் நான். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

தாவீதுராஜ் அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரே சுவர். அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டுப் பக்கம், ஊர் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் எங்கள் தெரு. நாங்கள் வீட்டுக்குள் கன்னடம் பேசித் தறி ஓட்டுகிறவர்கள். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள். அண்ணன் குவைத்தில் ஒன்பது வருஷம் கட்டட வேலை பார்த்தார். அவர் அனுப்பியதை வைத்து அற்புதமேரி மதினி தெருவிலேயே முதல் கான்கிரீட் வீட்டைக் கட்டினாள். தொண்ணூறில் அங்கே சண்டை வந்ததும் பாலைவனத்தில் பஸ் ஏறி, கூடாரத்தில் கிடந்து, எப்படியோ உயிரோடு வந்து சேர்ந்தார். கையில் ஒரே ஒரு நீலப் பெட்டி. நகையோ டேப்ரிக்கார்டரோ இருக்கும் என்று எட்டிப் பார்த்தோம். உள்ளே துப்பாக்கி மாதிரி ஒரு துளை போடும் மிஷின். வயர் கிடையாது. பிடிக்குக் கீழே பேட்டரியைச் சொருகினால் ஓடும்.

“போயும் போயும் இதையா தூக்கிட்டு வந்தாரு” என்று மதினி இரண்டு நாள் அழுதாள்.

ஆனால் அந்த மிஷின்தான் சோறு போட்டது. எங்கள் ஊரில் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கரண்டு இருக்கும்போது பேட்டரியில் ஏற்றி வைத்துக்கொண்டு, கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் சைக்கிளை மிதிப்பார். பாலவனத்தத்தில் ஆன்டெனாவுக்குக் கிளாம்பு, வீரசோழனில் ஒரு மாடி வீட்டுக்கு ஜன்னல் திரைக் கம்பி, பரளச்சியில் பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகை என்று வேலை வந்தபடி இருந்தது. உளியும் சுத்தியலுமாக அரை நாள் கொத்துகிற இடத்தில் அண்ணன் பத்து நிமிஷத்தில் நான்கு துளை போட்டுவிட்டுக் காப்பி குடிப்பார்.

தறி நின்றுபோன நாட்களில் நானும் கூடப் போவேன். சும்மா ஏணியைப் பிடிக்கத்தான். அவர் பேசிக்கொண்டே வேலை செய்வார்.

“செவருன்னா எல்லாம் ஒண்ணா சௌடப்பா? தூளப் பாக்கணும்ப்பா. செவப்பாக் கொட்டுனா செங்கல்லு. லேசா இடிக்க விட்டாப் போதும், ரொம்ப அமுக்குனா பொலபொலன்னு ஓட்டையாப் போயிரும். சாம்பலாட்டம் கொட்டுனா காங்கிரீட்டு. அதுக்கு நல்லா இடிக்கணும். மரத்துல இடிய நிப்பாட்டிறணும், வெறுஞ்சுத்துத்தான். டைல்ஸுல இடிச்சேன்னா அது சில்லுச் சில்லாத் தெறிக்கும், பெறகு வீட்டுக்காரன் நம்மள இடிப்பான்.”

“காங்கிரீட்டுக்குள்ள கம்பி கெடக்குமேண்ணே?”

“கம்பியில மொனை தட்டுனா சத்தம் மாறும். கீச்சுன்னு கத்தும், தூளு நின்னுபோகும். அப்பவே நிப்பாட்டிட்டு ரெண்டு வெரக்கடை தள்ளிப் போட்றணும். கம்பிகூட மல்லுக்கு நிக்கக் கூடாது. ஒண்ணு நம்ம மணிக்கட்டத் திருகிப்புடும், இல்ல மொனை ஒடஞ்சு தெறிக்கும்.”

அதற்காகத்தான் அந்தக் கண்ணாடி. நீச்சல்காரர்கள் போடுவதைப் போல முகத்தில் பாதியை மூடுகிற, ரப்பர் பட்டை போட்ட பிளாஸ்டிக் கண்ணாடி. அது இல்லாமல் ஏணியில் கால் வைத்தால் குவைத்தில் மேஸ்திரி அன்றைக்கு வேலையிலிருந்து விரட்டிவிடுவானாம். இங்கேயும் போட்டுக்கொண்டுதான் ஏறினார். நான் கேலி பேசினேன். தெரு பேசியது. பரளச்சிப் பிள்ளைகள் “தவளைத் தாத்தா” என்று சைக்கிள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அண்ணன் கோபக்காரர் இல்லை. ஆனால் யாராவது சிரித்தால் கூசிப்போவார். நாலாம் மாதம் அந்தக் கண்ணாடி அடுப்படிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. பிறகு அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்று மூன்று சித்திரையில் மகள் சுஜிதா தாய்வீட்டில் பேரனைப் பெற்றாள். தலைப்பிரசவம். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலவனத்தத்திலிருந்து சம்பந்தியம்மா வந்தார்கள். கூடவே நாலைந்து உறவுக்காரர்கள். அவர்கள் மகனை, சுஜிதாவின் புருஷனை, குழந்தையில் போட்டு ஆட்டிய பலகைத் தொட்டிலைப் பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். சங்கிலி போட்ட கனமான தொட்டில். ஜெபம் பண்ணிப் பேரனை அதில் போட வேண்டும் என்று உபதேசியாரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

உள்ரூமில் தொட்டில் மாட்டக் கொக்கி இல்லை. கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்றைக்குக் கொத்தனார், “உள்ரூம்புல தொட்டிலுக்குக் கொக்கி விடவாம்மா?” என்று கேட்டிருக்கிறார். மதினி வெட்கப்பட்டு, “நான் இனிமேயா பெத்துக்கப் போறேன்? போங்கய்யா அங்கிட்டு” என்று சிரித்திருக்கிறாள். அப்போது சுஜிதா ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தாள். பெண் ஒருத்தி வீட்டில் வளர்கிறாள் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

“கொக்கிதான, அஞ்சு நிமிசம்” என்று அண்ணன் பெட்டியைத் திறந்தார்.

அக்கினி வெயில். கதவைத் திறந்தால் சூடான கரிசல் புழுதி வருகிறது, சாத்தினால் கோழிக்குழம்புப் புகை கண்ணைக் கரிக்கிறது. காலையிலிருந்து கரண்டு இல்லை. பேட்டரியில் பாதிதான் இருந்தது. சம்பந்தி வீட்டார் காராச்சேவைக் கொறித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். சுஜிதா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “எங்கப்பா மிசினப் பாருங்கத்தே” என்று பெருமையாகச் சொன்னாள். உபதேசியாருக்கு அடுத்த ஊரில் ஒரு ஆராதனை. மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் மனைவி கங்கம்மாளும் வாசலில் நின்றோம்.

மேசைமேல் முக்காலியைப் போட்டு அண்ணன் ஏறினார். அண்ணாந்து மிஷினை அழுத்தினார். சாம்பல் நிறத்தில் தூள் நெற்றியில் கொட்டியது. ஒரு அங்குலம் போனதும் கீச்சென்று கத்தியது. கம்பி. நிறுத்தி, இரண்டு விரற்கடை தள்ளி வைத்தார். இரண்டாவது துளையும் ஒரு அங்குலத்தில் கத்தியது.

சம்பந்தியம்மா வாயில் சேவோடு சொன்னார்கள். “என்ன சம்பந்தி, தொட்டில் மாட்டச் சொன்னா கூரையில பணியாரச் சட்டி செய்றீகளா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுஜிதாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அண்ணன் காது மடல் சிவந்துபோனது. மூன்றாவது துளைக்கு அவர் நகரவில்லை. அதே இடத்தில் வைத்து, இரண்டு கையாலும் உடம்புப் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினார். மிஷின் முனகியது. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது டக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இறங்கினார். “ஒண்ணுமில்ல. தூசி.”

கண் சிவந்து நீராகக் கொட்டியது. மதினி சேலைத் தலைப்பைச் சுருட்டி ஊதி ஊதி ஒத்தடம் கொடுத்தாள். சம்பந்தியம்மாதான் வழி சொன்னார்கள். “பச்ச ஒடம்புக்காரி வீட்டுல இருக்கையில என்னத்துக்கு மதினி பதறுறீக? தாய்ப்பாலு ரெண்டு சொட்டு விட்டா எம்புட்டுத் தூசின்னாலும் கரைஞ்சு ஓடியாந்துரும்.”

“ஆமா, அதான் நல்லது” என்றாள் கங்கம்மாள். எங்கள் வீட்டிலும் அதுதான் வைத்தியம். சூட்டுக் கண், சிவந்த கண், தூசி விழுந்த கண், எல்லாவற்றுக்கும் அதுதான். யாருக்கும் வேறு எண்ணமே வரவில்லை.

சுஜிதா உள்ளே போய், பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடைக் கிண்ணத்தில் பீய்ச்சிக் கொண்டுவந்தாள். அவளே அப்பாவின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டாள். இருபது வயதுப் பெண், அப்பாவுக்கு ஒரு பிள்ளையைப் போலப் பண்டுதம் பார்த்தாள். பார்க்க நன்றாக இருந்தது. 

“எப்பிடிப்பா இருக்கு?”

“குளுகுளுன்னு இருக்கு தாயி.”

முன்னறையில் மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் தொட்டிலை மாட்டினோம். உபதேசியார் ஜெபம் பண்ணினார். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சாயங்காலப் பஸ்ஸில் போனார்கள்.

மூன்று நாள் காலையும் மாலையும் பால் விட்டார்கள். இரண்டாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண் வீங்கிக் கிடந்தது.

“டவுனுக்குள்ள டாக்டரப் பாத்துட்டு வந்துருவமாண்ணே?”

“தூசிக்கு எதுக்கு டாக்டரு? அவ விடுறா, அதுவே கேட்டுரும். நீ போய்த் தறியப் பாரு.”

நாலாம் நாள் விடியும்போது கருவிழியில் வெள்ளை படிந்து, இமை ஒட்டி, சீழ் வடிந்தது. அருப்புக்கோட்டை டாக்டர் டார்ச்சு அடித்துப் பார்த்துவிட்டுச் சீட்டுக்கூட எழுதவில்லை. “நேரே மதுரை போங்க. இப்பவே” என்றார். நான், அண்ணன், மதினி மூவரும் பஸ் ஏறினோம். வர வேண்டாம் என்று சொல்லியும் சுஜிதா கேட்கவில்லை. பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவளும் ஏறினாள்.

கண்ணாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயது. படம் எடுத்துப் பார்த்தார். கண்ணுக்குள் ஒரு துணுக்கு. அரிசி நொய் அளவுகூட இல்லை. இரும்பு.

“இத்தனை நாள் என்ன செஞ்சீங்க? கண்ணுல எதையாவது விட்டீங்களா?”

“பச்சத் தண்ணியில கழுவுனேம்மா. அம்புட்டுத்தான்” என்றார் அண்ணன்.

“மருந்து, பச்சிலை, பாலு?”

“இல்லம்மா.”

அவர் கை சுஜிதாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். நரம்பு புடைக்கப் பிடித்திருந்தார்.

“பெரியவரே, உள்ளதச் சொன்னாத்தான் எந்தக் கிருமின்னு பார்த்து மருந்து குடுக்க முடியும்.”

“ஒண்ணும் விடலம்மா. சத்தியமா.”

சுஜிதா கையை உதறிக்கொண்டாள். “பாலு விட்டேன் டாக்டரம்மா. எம்பாலுதான். மூணு நாளா விட்டேன்.”

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். உள்ளே முழுவதும் சீழ். அந்தக் கண்ணில் இனிப் பார்வை கிடையாது. எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் நல்ல கண்ணுக்கும் ஆபத்து.

“மொத நாளே வந்திருந்தா?” என்று கேட்டாள் சுஜிதா.

“காப்பாத்தியிருக்கலாம்.”

டாக்டரம்மா ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அப்போது ஆத்திரம் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அண்ணன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கண்ணை எடுத்தார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பிள்ளை பசித்து அழுதது. சுஜிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதினி பிள்ளையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைக்கப் போனாள். அவள் எழுந்து தள்ளிப் போய் நின்றாள்.

“எம்பாலு வெசம்மா. எங்கப்பன் கண்ணையே அழுக வச்சிருச்சு. இதையா பிள்ளைக்குக் குடுப்பேன்?”

“ஏடி கூறுகெட்டவளே, கண்ணு வேற, வயிறு வேறடி.”

“நீ பேசாத.”

ஊருக்கு வந்தும் அவள் மாறவில்லை. முதல் இரண்டு வாரம் மாரில் பால் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் கொல்லைப்புறம் போய்ச் சாம்பல் குப்பையில் பீய்ச்சிவிட்டு வருவாள். மூன்று வீடு தள்ளி ஒரு மாட்டுக்காரரிடம் பால் வாங்கி, தண்ணீர் கலந்து, பாலாடையில் பிள்ளைக்குப் புகட்டினார்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. கொழுக்கட்டை மாதிரி இருந்த கன்னம் வற்றிவிட்டது. மதினி கெஞ்சினாள், அடித்தாள், முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினாள். கங்கம்மாள் போய்ப் பேசினாள். எங்கள் வீட்டுச் சுவர் வழியாக இரவும் பகலும் அந்தப் பிள்ளையின் அழுகை கேட்டது. தறி ஓடினால்தான் கேட்காது. அதனால் கரண்டு வந்ததும் முதல் ஆளாகத் தறியைப் போட்டுவிடுவேன்.

அண்ணன் உள்ரூமில் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். தலைக்கு நேரே கூரையில் அந்த இரண்டு பாதித் துளைகள்.

இப்படி ஒரு மாதத்துக்கு மேலே போயிற்று. ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. வாசலில் கோலமாவுகூட நிற்காத காற்று. ஒரு நாள் காலையில் அண்ணன் சுவரைத் தட்டினார்.

“சௌடப்பா, வந்து மேசையப் பிடி.”

பாலவனத்தத்தில் யாரோ இரண்டு ஆன்டெனாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். முதலில் வீட்டிலேயே கைபார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பேட்டரி நிறைய ஏற்றி வைத்திருந்தார். பென்சிலால் கூரையில் புதிதாக ஒரு குறி போட்டார். பழைய துளையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி.

நான் போய் ஆணியிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்தேன். ஒட்டடையும் அடுப்புப் புகையும் படிந்திருந்தது. என் வேட்டியில் துடைத்து நீட்டினேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டார்.

முனையைக் குறியில் வைக்கப் போனார். குறிக்கு ஒரு அங்குலம் இந்தப் பக்கம் போய் நின்றது. எடுத்து மறுபடியும் வைத்தார். இப்போது கூரையை எட்டவே இல்லை. எட்டிவிட்டதாக நினைத்து விசையை அழுத்தினார். காற்றில் சுற்றியது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. மூன்றாம் தடவையும் முனை குறி தப்பியது.

பிள்ளை முன்னறையில் அழுதுகொண்டிருந்தது. சுஜிதா வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து மேசைமேல் ஏறினாள். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து முனையைக் குறியில் கொண்டுபோய் வைத்தாள்.

“இதாம்ப்பா. அமுக்குங்க.”

“நீ கண்ண மூடிக்க. முகத்த அங்கிட்டுத் திருப்பு.”

“சரிப்பா.”

அவர் அழுத்தவில்லை. மிஷினைத் தூக்கிப் பிடித்தபடியே பேசினார்.

“தாயி, மொனை ஒடஞ்சிருந்தத அன்னைக்குச் சாயங்காலமே பாத்துட்டேன். பெட்டியில வைக்கையில பாத்தேன். ஒரு ஓரம் இல்ல. அது எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியாதா? மொனை தெறிக்கும்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நானு. சம்பந்தகாரக முன்னாடி மானம் போச்சேன்னு வாயத் தெறக்காமக் கெடந்தேன். நீ ஆசையா விட்டே. தெரிஞ்சுக்கிட்டேதான் படுத்துக் கெடந்தேன்.”

“தெரியுமாப்பா?”

“தெரியும். கண்ணக் கெடுத்தது நானு. ஓம்பாலு இல்ல.”

“இத ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாம்லப்பா.”

“சொல்லியிருக்கணும் தாயி. அதுக்கும் வெக்கமா இருந்துச்சு.”

அவள் அவர் கையை விடவில்லை. முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் அழுத்தினார். சாம்பல் தூள் இருவர் தலையிலும் கொட்டியது. சத்தம் மாறவே இல்லை. ஒரு அங்குலம், இரண்டு அங்குலம், முழு ஆழமும் போயிற்று. அங்கே கம்பி இல்லை. அன்றைக்கே இரண்டு விரற்கடை தள்ளி வைத்திருந்தால் கொக்கி மாட்டியிருக்கலாம்.

சுஜிதா குதித்து இறங்கினாள். தூளோடு முன்னறைக்கு ஓடித் தொட்டிலிலிருந்து பிள்ளையை அள்ளி எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிள்ளையின் அழுகை சட்டென்று நின்றது. சப்புகிற சத்தம் கேட்டது. மதினி அடுப்படியில் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். அண்ணன் மேசைமேலேயே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கியது.

கொஞ்ச நேரம்தான். பிள்ளை வாயை எடுத்துவிட்டு வீறிட்டது. அவள் மறுபக்கம் மாற்றினாள். சப்பியது. மறுபடியும் வீறிட்டது, முன்னைவிட ஆத்திரமாக.

“அம்மா” என்றாள் சுஜிதா. “வரலம்மா. ஒரு சொட்டுக்கூட வரல.”

 அண்ணன் கீழே இறங்கி, கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். மதினி கூப்பிய கையைப் பிரித்து, மாட்டுப் பாலை அடுப்பில் வைத்தாள்.